பழைய அரேயிலிருந்து புதிய அரேக்கு: சர்வரை நிறுத்தாமல் டேட்டாவை நகர்த்தும்போது எங்கே கவனம் வேண்டும்

பழைய ஸ்டோரேஜ் அரேயின் (பல டிஸ்க்குகளை ஒன்றாக வைத்துச் சர்வர்களுக்குத் தரும் பெட்டி) சப்போர்ட் முடியப்போகிறது. வேறு கம்பெனியின் புதிய அரே பக்கத்து ரேக்கில் ஏறிவிட்டது. இரண்டு அரேக்களுக்கும் ஒன்றோடொன்று பேசத் தெரியாது. சர்வரால் இரண்டையும் பார்க்க முடியும். பழைய லன்னிலிருந்து (அரே சர்வருக்கு ஒரு டிஸ்க்காகக் காட்டும் பகுதி) படித்துப் புதிய லன்னில் எழுதும் வேலையைச் சர்வரிலேயே உள்ள வால்யூம் மேனேஜரிடம் (டிஸ்க் இடத்தைச் சேர்த்துப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள்) கொடுப்பதுதான் ஹோஸ்ட் வழி மைக்ரேஷன். லினக்ஸில் எல்விஎம், ஏஐஎக்ஸில் மைக்ரேட்பிவி, ஆரக்கிளில் ஏஎஸ்எம் ரீபேலன்ஸ், பவர்பாத் போட்டிருக்கும் இடத்தில் அதன் மைக்ரேஷன் எனேப்ளர் என்று எல்லாம் இந்த வகைதான். இங்கே சொல்வது பெரும்பாலும் ஃபைபர் சேனலில் (ஸ்டோரேஜுக்கான தனி நெட்வொர்க்) இணைந்த லினக்ஸ் சர்வரும் எல்விஎம்மும் பற்றியது. கடைசியில் ஏஎஸ்எம் பற்றிக் கொஞ்சம்.

நகல் எடுப்பது இந்த வேலையின் சுலபமான பகுதி. எல்விஎம்மில் டேட்டாவை நகர்த்தும் பிவிமூவ் என்ற கட்டளை 20 வருடத்துக்கும் மேலாகப் புழக்கத்தில் இருக்கிறது, அது தடுமாறுவது அபூர்வம். சர்வர் தொங்குவதும் ஃபைல்சிஸ்டம் விழுவதும் பெரும்பாலும் இரண்டு காரணத்தால்தான்: நகலுக்கு முன்னால் ஏதோ ஒன்றைச் சரிபார்க்காமல் விட்டிருப்பார்கள், அல்லது நகல் முடிந்த பிறகு பழைய லன்னை அவசரப்பட்டுப் பிடுங்கியிருப்பார்கள். இந்த இரண்டு முனைகளையும் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது செக்டர் அளவு

புதிய லன் சர்வருக்குத் தெரிந்ததும், அதில் எதையும் எழுதுவதற்கு முன், பிளாக்டெவ் கட்டளையின் கெட்எஸ்எஸ் ஆப்ஷனால் லாஜிக்கல் செக்டர் அளவைப் (டிஸ்க் ஏற்கும் மிகச் சின்ன எழுத்தின் அளவு) பழைய லன்னிலும் புதிய லன்னிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் 512 என்றால் கவலையில்லை. பழையது 512, புதியது 4096 என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

எக்ஸ்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் உருவாகும்போதே தன் செக்டர் அளவைத் தனக்குள் எழுதிக்கொள்கிறது. எக்ஸ்எஃப்எஸ் இன்ஃபோ கட்டளையில் செக்ட்எஸ்இசட் என்று வருவது அதுதான். அது 512 ஆக இருந்தால், அந்த ஃபைல்சிஸ்டம் 512 பைட் அளவில் எழுதத் தயங்காது. 4096 பைட் லாஜிக்கல் செக்டர் உள்ள டிவைஸ் அந்த எழுத்தை ஏற்காது. மவுண்ட் ஆகி ஓடிக்கொண்டிருக்கும்போதே பிவிமூவ் அதை இப்படிப்பட்ட லன்னுக்கு மாற்றிவிட்டால், ஐஓ பிழைகள் வந்து ஃபைல்சிஸ்டம் தன்னைத்தானே மூடிக்கொள்ளும். அதன்பின் மவுண்டும் ஆகாது. இதனால்தான் எல்விஎம்மின் புதிய பதிப்புகள் ஒரே வால்யூம் குரூப்பில் (எல்விஎம் ஒன்றாகச் சேர்த்து வைக்கும் டிஸ்க்குகள்) வெவ்வேறு லாஜிக்கல் பிளாக் அளவு கொண்ட டிஸ்க்குகளைச் சேர்க்க விடுவதில்லை. அந்தத் தடையை நீக்க எல்விஎம் கான்ஃபிக் ஃபைலில் ஓர் அமைப்பு இருக்கிறது. நள்ளிரவு வேலையில், குரூப்பில் டிஸ்க் சேர்க்கும் விஜிஎக்ஸ்டெண்ட் கட்டளை மறுக்கும்போது அதை ஆன் செய்துவிடலாம் என்று கை துடிக்கும். செய்ய வேண்டாம். பழைய எல்விஎம் பதிப்புகள் மறுக்கக்கூட மாட்டாது, சத்தமில்லாமல் சேர்த்துக்கொள்ளும். அங்கே ஆபத்து இன்னும் அதிகம்.

தீர்வு அரே பக்கம்தான் இருக்கிறது. லன் உருவாக்கும்போதே 512 பைட் லாஜிக்கல் செக்டராகக் காட்டும்படி அமைக்க முடியுமா என்று ஸ்டோரேஜ் டீமிடம் கேளுங்கள். முடியாது என்றால் அந்த ஃபைல்சிஸ்டத்துக்குப் பிவிமூவ் வழி இல்லை. புதிய ஃபைல்சிஸ்டம் உருவாக்கி, ஆர்சிங்க் மாதிரி ஃபைல் அளவிலான நகலும் சின்ன டவுன்டைமும் திட்டமிட வேண்டியதுதான். ஃபிசிக்கல் செக்டர் மட்டும் 4096, லாஜிக்கல் 512 என்றால் சிக்கல் இல்லை. வேகத்தில் கொஞ்சம் வித்தியாசம் வரலாம், டேட்டாவுக்கு ஒன்றும் ஆகாது.

லன்னின் அடையாளம்

இரண்டாவது விபத்து பெயர் குழப்பத்தில் வருகிறது. எஸ்டிசி, எஸ்டிடி போன்ற பெயர்கள் ரீபூட்டுக்கு ரீபூட் மாறும். மல்டிபாத் (ஒரே லன்னுக்கான பல பாதைகளை ஒன்றாகக் காட்டும் மென்பொருள்) தரும் எம்பாத்ஏ, எம்பாத்பி பெயர்கள், பல சர்வர்கள் சேர்ந்து இயங்கும் கிளஸ்டரில் ஒரு நோடில் ஒரு லன்னையும் இன்னொரு நோடில் வேறு லன்னையும் குறிக்கலாம். நம்பத்தக்கது லன்னுக்கென்றே உள்ள, மாறாத டபிள்யூடபிள்யூஐடி எண் ஒன்றுதான். மல்டிபாத் காட்டும் எண்ணின் முதலில் ஒரு 3 கூடுதலாக இருக்கும். அரேயின் திரையில் அது 6 என்றே தொடங்கும். இந்த ஒரு இலக்கம் தெரியாமல் 'லன் பொருந்தவில்லை' என்று இரண்டு டீம்களுக்கு நடுவே மெயில் பறப்பது வழக்கம். எண்ணின் தொடக்கத்தைப் பார்த்தே எந்தக் கம்பெனி அரே என்றும் சொல்லிவிடலாம். 360060160 என்றால் டெல் இஎம்சியின் கிளாரியான், விஎன்எக்ஸ், யூனிட்டி வரிசை. 360050768 என்றால் ஐபிஎம்மின் எஸ்விசி, ஸ்டோர்வைஸ் வரிசை.

புதிய லன் ஒவ்வொன்றுக்கும் மல்டிபாத் கான்ஃபிக் ஃபைலில் அலியாஸ் கொடுங்கள். அரேயின் சுருக்கப் பெயர், அப்ளிகேஷன் பெயர், லன் எண் மூன்றும் அதில் இருக்கட்டும். பழையதும் புதியதும் ஒரே திரையில் 40 வரியாக ஓடும்போது கண் பிழை செய்யாமல் காப்பாற்றுவது அந்தப் பெயர்தான். ஒரே சர்வரில் பவர்பாத்தும் (இதுவும் ஒரு மல்டிபாத் மென்பொருள்) லினக்ஸின் சொந்த மல்டிபாத்தும் சேர்ந்து ஓடுவதானால், ஒன்று எடுத்துக்கொள்ளும் லன்னை மற்றதன் பிளாக்லிஸ்டில் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் ஒரே லன்னுக்கு இரண்டு எஜமான்.

ஜோனிங்கில் (எந்தப் போர்ட் எதைப் பார்க்கலாம் என்று ஸ்விட்சில் வகுப்பது), ஒரு ஜோனில் சர்வரின் ஒரு ஹெச்பிஏ (ஃபைபர் சேனல் அட்டை) போர்ட் மட்டும் இருக்கட்டும். பழைய அரேயையும் புதிய அரேயையும் ஒரே ஜோனில் கலக்க வேண்டாம். இரண்டு ஃபேப்ரிக் (தனித்தனி ஸ்விட்ச் நெட்வொர்க்), ஃபேப்ரிக்குக்கு ஒரு ஹெச்பிஏ போர்ட், ஒவ்வொன்றிலிருந்தும் அரேயின் இரண்டு டார்கெட் போர்ட் என்றால், ஒரு லன்னுக்கு 4 பாதை வர வேண்டும். மூன்று வந்தால் 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று தொடராதீர்கள். லன் காலியாக இருக்கும் இந்த நேரத்தில்தான் ஸ்விட்ச் போர்ட் ஒன்றை அணைத்துப் பார்த்து, பாதை மாறுகிறதா, திரும்ப வருகிறதா என்று பயமில்லாமல் சோதிக்கலாம். எஃப்ஐஓ என்ற சோதனைக் கருவி வைத்து எழுதும் வேகத்தைப் பார்ப்பதும் இப்போதுதான். பிவிகிரியேட் (லன்னை எல்விஎம்முக்குத் தயார் செய்யும் கட்டளை) செய்த பிறகு அந்த லன்னில் எஃப்ஐஓ எழுத்துச் சோதனை ஓட்டினால் எல்விஎம் லேபிள் அழிந்துவிடும்.

புதிய லன்னைத் தேட, எஸ்ஜி3 யூட்டில்ஸ் தொகுப்பில் வரும் ரீஸ்கேன் ஸ்கிரிப்ட் போதும். அல்லது ஒவ்வொரு ஹோஸ்டின் ஸ்கேன் ஃபைலிலும் மூன்று கோடுகளை எழுதலாம். ஃபைபர் சேனல் லிங்கையே ரீசெட் செய்யும் லிப் கட்டளையை ஓடும் சர்வரில் தொடவே வேண்டாம்.

அளவும் எண்ணிக்கையும்

ஒரு அரே 1 டெராபைட்டை 10இன் அடுக்கில் கணக்கிடும், இன்னொன்று 2இன் அடுக்கில். இரண்டுக்கும் ஏறக்குறைய 10 சதவீதம் வித்தியாசம். பிளாக்டெவ் கட்டளையில் பைட் கணக்கில் அளவை எடுத்து ஒப்பிடுங்கள். பிவியின் (எல்விஎம்முக்குத் தயார் செய்த லன்) தொடக்கத்தில் மெட்டாடேட்டாவுக்கும் இடம் போகும். பழைய பிவிக்களில் டேட்டா 192 கிலோபைட்டில் தொடங்கும், இப்போது 1 மெகாபைட்டில். எனவே ஒன்றுக்கு ஒன்று மாற்றும்போது புதிய லன் கொஞ்சம் பெரியதாகவே இருக்கட்டும். முழுவதும் நிரம்பிய பிவியில் ஒரே ஒரு எக்ஸ்டென்ட் (எல்விஎம் இடம் ஒதுக்கும் அலகு) பற்றாமல் வேலை நிற்பது மிக எரிச்சலான முடிவு.

20 சின்ன லன்களை ஒரே பெரிய லன்னாக மாற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். நிர்வாகம் சுலபம்தான். ஆனால் ஐஓ வரிசை ஒவ்வொரு லன்னுக்கும் தனித்தனி. 20 வரிசையில் பரவியிருந்த டேட்டாபேஸ் சுமை ஒரே வரிசையில் நின்றால், புதிய ஃப்ளாஷ் அரேயிலும் காத்திருப்பு கூடும். ஸ்ட்ரைப் செய்த, அதாவது பல லன்களில் பரப்பிய லாஜிக்கல் வால்யூம் என்றால் இன்னொரு தடையும் உண்டு: இரண்டு ஸ்ட்ரைப்களை ஒரே பிவியில் வைக்கப் பிவிமூவ் மறுத்து, போதிய எக்ஸ்டென்ட் இல்லை என்று சொல்லும். இடம் நிறைய இருக்கும்போது இந்தச் செய்தி வந்தால் காரணம் இதுதான். அலாக் எனிவேர் ஆப்ஷனால் மீறலாம், ஆனால் ஸ்ட்ரைப்பின் பயன் போய்விடும். எத்தனை லன்னில் ஸ்ட்ரைப் இருந்ததோ அத்தனை லன் கேட்டு வாங்குவதே என் தேர்வு.

பிவிமூவ் உள்ளே என்ன செய்கிறது

அடிப்படை ஓட்டம் சின்னது. புதிய லன்னில் பிவிகிரியேட். பழைய வால்யூம் குரூப்பில் விஜிஎக்ஸ்டெண்ட். பிறகு பழைய பிவி, புதிய பிவி இரண்டின் பெயரையும் கொடுத்துப் பிவிமூவ். முடிந்ததும் பழைய லன்னைக் குரூப்பிலிருந்து விலக்க விஜிரெட்யூஸ், அதன் எல்விஎம் லேபிளை நீக்கப் பிவிரிமூவ். தொடங்கும் முன் விஜிசிஎஃப்ஜிபேக்கப் கட்டளையால் எல்விஎம் மெட்டாடேட்டாவின் பேக்கப் எடுத்து, அந்த ஃபைலையும் மல்டிபாத், எல்எஸ்பிஎல்கே வெளியீடுகளையும் வேறொரு சர்வரில் வையுங்கள். அதே சர்வரில் வைத்த பேக்கப் தேவைப்படும் நேரத்தில் கைக்கு எட்டாது. ரெட்ஹேட் 9 வரிசையில் எல்விஎம் தன் டிவைஸ் பட்டியல் ஃபைலில் உள்ளவற்றை மட்டுமே பார்க்கும். பிவிகிரியேட் செய்த நோடில் அந்தப் பதிவு தானாக விழும், கிளஸ்டரின் மற்ற நோடுகளில் எல்விஎம்டிவைசஸ் கட்டளையால் நாமே சேர்க்க வேண்டும். இது விடுபட்டால் அன்றைக்கு எதுவும் தெரியாது. அடுத்து வேலை இன்னொரு நோடுக்கு மாறும் ஃபெயிலோவரில்தான் தெரியும்.

பிவிமூவ் தொடங்கியதும், நகர்த்த வேண்டிய ஒவ்வொரு தொடர்ச்சியான துண்டுக்கும் தற்காலிக மிரர் (இரண்டு இடத்திலும் ஒரே டேட்டா) ஒன்று அமைகிறது. ஒரு நேரத்தில் ஒரு துண்டு மட்டுமே நகலாகும். அது முடிந்ததும் மிரர் உடைந்து, புதிய இடம் மட்டும் பயன்பாட்டுக்கு வரும். வால்யூம் குரூப்பின் மெட்டாடேட்டாவில் அடையாளம் ஒன்று பதிவாகும். நடுவில் சர்வர் ரீபூட் ஆனால், எந்தப் பெயரும் கொடுக்காமல் பிவிமூவ் என்று மட்டும் அடித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அபார்ட் ஆப்ஷன் கொடுத்தால் நின்றுவிடும். அதற்குள் முடிந்த துண்டுகள் புதிய லன்னிலேயே இருக்கும், மீதி பழையதிலேயே. எல்லாம் அல்லது எதுவுமில்லை என்று வேண்டுமானால் அடாமிக் ஆப்ஷன் உண்டு.

'விட்ட இடம்' என்பது துண்டின் எல்லைதான். ஒரு லாஜிக்கல் வால்யூம் 4 டெராபைட்டுக்கு ஒரே துண்டாக இருந்து, 90 சதவீதத்தில் சர்வர் விழுந்தால், அந்தத் துண்டு முழுவதும் மறுபடி நகலாகும். பெரிய வால்யூம்களை எக்ஸ்டென்ட் எண் கொடுத்துப் பகுதி பகுதியாக நகர்த்துவது இதனால்தான். இயல்பான எக்ஸ்டென்ட் 4 மெபிபைட். 100 கிபிபைட்டுக்கு 25,600 எக்ஸ்டென்ட். பழைய பிவியின் பெயருக்குப் பின் முக்காற்புள்ளி இட்டு 0-25599, அடுத்து 25600-51199 என்று கொடுத்துக்கொண்டே போகலாம். ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். காலை 8 மணிக்கு நிறுத்த வேண்டும் என்றாலும் சுத்தமாக நிறுத்தலாம்.

ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கும் ரூட் வால்யூம் குரூப்பையே நகர்த்துவதானால் இன்னொன்று பார்க்க வேண்டும். நடுவில் சர்வர் விழுந்தால், பூட் ஆகும்போது ரூட் வால்யூம் மிரர் வடிவில் இருக்கும். டிஎம் மிரர் மாட்யூல் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சின்னத் தொகுப்பு) இல்லாவிட்டால் ரூட் எழாது. எல்எஸ்இனிட்ஆர்டி கட்டளையில் அது இருக்கிறதா பார்த்து, இல்லையென்றால் டிராகட் ஓட்டிச் சேர்த்த பிறகே தொடங்குங்கள். பூட் பார்ட்டிஷனும் இஎஃப்ஐ பார்ட்டிஷனும் எல்விஎம்முக்கு வெளியே இருப்பவை. அவற்றைத் தனியாகத்தான் நகலெடுக்க வேண்டும். சான்னிலிருந்து (ஸ்டோரேஜ் நெட்வொர்க்) பூட் ஆகும் சர்வர் என்றால் ஹெச்பிஏவின் பூட் அமைப்பில் புதிய அரேயின் போர்ட் அடையாளமான டபிள்யூடபிள்யூபிஎன் எண்ணையும் போட வேண்டும்.

எவ்வளவு நேரம்? விநாடிக்கு 200 மெகாபைட் கிடைத்தால் 10 டெராபைட்டுக்குச் சுமார் 14 மணி நேரம். 8 கிகாபிட் ஃபைபர் போர்ட் ஒன்று ஒரு திசையில் ஏறக்குறைய 800 மெகாபைட் தாங்கும். ஆனால் அதே போர்ட்டில் அப்ளிகேஷனும் இருக்கிறது. மிகச் சின்ன வால்யூமை முதலில் நகர்த்தி, ஐஓஸ்டாட் கட்டளையில் காத்திருப்பு நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் மொத்த நேரத்தைக் கணக்கிட வேண்டும். வேகத்தைக் குறைக்கப் பிவிமூவில் நேரடி ஆப்ஷன் இல்லை. டிஎம் மிரர் மாட்யூலின் ரீசிங்க் த்ராட்டில் என்ற அமைப்பு இயல்பாக 100இல் இருக்கும், ஓடும்போதே அதைக் குறைக்கலாம். பேக்கப் ஓடும் நேரத்தில் 30, 40 என்று இறக்கிவிட்டு, முடிந்ததும் ஏற்றினால் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள்.

திரும்பி வரும் வழி வேண்டுமென்றால்

பிவிமூவ் முடிந்த பிறகு பழைய லன்னில் டேட்டா இருப்பதுபோலத் தோன்றினாலும், அது அந்தத் துண்டு நகலான நொடியோடு உறைந்துவிட்டது. திரும்பிப் போக வேண்டுமானால் மறுபடியும் பிவிமூவ்தான், அதே 14 மணி நேரம். புதிய அரேயின் மேல் இன்னும் நம்பிக்கை வராத இடத்தில், முக்கியமான டேட்டாபேஸுக்கு, எல்விகன்வெர்ட் கட்டளையால் ரெய்ட்1 மிரர் அமைப்பது நல்லது. ஒரு கால் பழைய அரேயில், ஒரு கால் புதிய அரேயில். மேக்ஸ் ரெகவரி ரேட் என்று வேக வரம்பும் வைக்கலாம். சிங்க் முடிந்ததும் பழைய காலை ரைட்மோஸ்ட்லி ஆக்கிவிட்டால், படிப்பது முழுக்கப் புதிய அரேயிலிருந்து நடக்கும், எழுதுவது இரண்டிலும் நடக்கும். ஒரு வாரம் இப்படி ஓடவிட்டுப் பார்க்கலாம். மாத இறுதிக் கணக்கு முடியட்டும் என்று காத்திருக்கவும் செய்யலாம்.

இதில் இரண்டு சிக்கல். ரெய்ட்1இன் ஒவ்வொரு காலுக்கும் மெட்டாடேட்டாவுக்கு ஒரு எக்ஸ்டென்ட் வேண்டும். பழைய பிவி நிரம்பியிருந்தால் மிரர் அமையாது, முதலில் பிவிமூவால் ஏதாவது ஒரு சின்ன வால்யூமை நகர்த்தி இடம் செய்ய வேண்டும். இரண்டாவது, மிரரை நீக்கும்போது எந்த பிவியை எடுப்பது என்று பழைய பிவியின் பெயரைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் எல்விஎம் தானாக முடிவு செய்யும், போவது புதிய காலாகவும் இருக்கலாம்.

தின் லன் (எழுத எழுத மட்டும் அரேயின் பொதுப் பூலிலிருந்து இடம் எடுக்கும் லன்) பற்றியும் ஒரு வார்த்தை. எல்விஎம்முக்கு ஃபைல்சிஸ்டத்தின் காலி இடம் தெரியாது. வால்யூமுக்கு ஒதுக்கிய எல்லாவற்றையும் அது நகலெடுக்கும். 5 டெராபைட் வால்யூமில் 2 டெராபைட் மட்டும் நிரம்பியிருந்தாலும், புதிய தின் லன் 5 டெராபைட்டாகக் கணக்குக் காட்டலாம். முடிந்ததும் எஃப்எஸ்டிரிம் ஓட்டினால் இடம் திரும்பும். ஆனால் நகல் ஓடும்போது பூல் நிரம்பிவிட்டால் அந்தப் பூலில் உள்ள மற்ற சர்வர்களும் சேர்ந்து நிற்கும். பூலின் இடத்தை ஒதுக்கிய அளவை வைத்துக் கணக்கிடுங்கள். புதிய லன்னை டிஆர் (பேரிடருக்கான மாற்று) தளத்துக்கு ரெப்ளிகேட் செய்வதானால், நகலாகும் ஒவ்வொரு பைட்டும் இரண்டு தளங்களை இணைக்கும் நெட்வொர்க் லிங்கிலும் போகும் என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

பழைய லன்னை எடுக்கும் நாள்

பெரும்பாலான விபத்துகள் இங்கேதான் நடக்கின்றன. நகல் முடிந்த சந்தோஷத்தில் ஸ்டோரேஜ் டீம் அரேயில் லன்னை அன்மேப் செய்துவிடும் (சர்வருக்குக் காட்டுவதை நிறுத்திவிடும்), சர்வரில் அது இன்னும் இருக்கும். மல்டிபாத்தில் பாதை இல்லாவிட்டால் ஐஓவை வரிசையில் நிறுத்திக் காத்திரு என்ற அமைப்பு இருந்தால், அந்த லன்னைத் தொடும் ஒவ்வொரு புராசஸும் டி நிலையில் (ஐஓ முடியும்வரை அசையாத காத்திருப்பு) தொங்கும். பிவிஎஸ், விஜிஎஸ் போன்ற சாதாரணக் கட்டளைகளும் அந்த லன்னைப் படிக்கப் போய்த் தொங்கும். கில் கட்டளைக்கும் அவை அசையாது. அப்படி ஆகிவிட்டால் ரீபூட்டுக்கு ஓட வேண்டாம். டிஎம்செட்அப் மெசேஜ் கட்டளையால் அந்த மேப்புக்கு ஃபெயில் இஃப் நோ பாத் என்று அனுப்பினால், நின்றிருக்கும் ஐஓக்கள் பிழையோடு திரும்பி, தொங்கியவை பெரும்பாலும் விடுபடும்.

சரியான வரிசை எப்போதும் சர்வரிலிருந்து அரேயை நோக்கிப் போகும். விஜிரெட்யூஸ், பிவிரிமூவ் முடித்ததும், மல்டிபாத் வெளியீட்டில் அந்த லன்னின் கீழே உள்ள எல்லா எஸ்டி பெயர்களையும், அவற்றின் நான்கு பகுதி முகவரிகளையும் எழுதிக்கொள்ளுங்கள். மேப்பை எடுத்த பிறகு அந்தப் பட்டியல் கிடைக்காது. ஐஓஸ்டாட்டில் பழைய லன்னில் சுழியம் தவிர எதுவும் வரவில்லை என்று ஒரு நாளாவது பாருங்கள். பிறகு மல்டிபாத் எஃப் ஆப்ஷனால் மேப்பை நீக்குங்கள். பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்தால், சிஸ் பாதையில் அந்த டிஎம் டிவைஸின் ஹோல்டர்ஸ் அடைவைப் பாருங்கள். பெரும்பாலும் மறந்துபோன பார்ட்டிஷன் மேப் ஒன்றுதான் பிடித்துக்கொண்டிருக்கும். அடுத்து ஒவ்வொரு எஸ்டிக்கும் பிளாக்டெவ் ஃப்ளஷ். அதன்பின் ஒவ்வொன்றின் டெலீட் ஃபைலிலும் 1 எழுதுங்கள். மல்டிபாத்தின் டபிள்யூடபிள்யூஐடி ஃபைலிலிருந்தும் அந்த எண்ணை எடுத்துவிடுங்கள். இவ்வளவும் ஆன பின்புதான் அரேயில் அன்மேப், கடைசியாக ஜோன். டெலீட்டுக்கும் அன்மேப்புக்கும் நடுவில் யாரும் ரீஸ்கேன் ஓட்டக் கூடாது, ஓட்டினால் எல்லாம் திரும்பி வந்து நிற்கும்.

அன்மேப் வேறு, அழிப்பது வேறு. அன்மேப் செய்து இரண்டு வாரமாவது லன்னை அரேயில் அப்படியே வையுங்கள். அந்த இடைவெளியில்தான், யாருக்கும் தெரியாமல் அந்த லன்னைப் பயன்படுத்திய பேக்கப் புராக்ஸியோ, ஃபென்ஸிங்குக்கு (பழுதான நோடை ஒதுக்கி வைக்க) டபிள்யூடபிள்யூஐடி எழுதி வைத்த கிளஸ்டரோ வெளியே வரும். சர்வரில் பழைய டிவைஸை நீக்காமல், அதே லன் எண்ணில் வேறு லன்னை மேப் செய்வது மிக மோசமானது. கர்னல் அதைப் பழைய டிஸ்க் என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

ஏஎஸ்எம் என்றால்

ஆரக்கிள் டேட்டாபேஸின் சொந்த வால்யூம் மேனேஜரான ஏஎஸ்எம்மில் புதிய டிஸ்க்குகளைச் சேர்ப்பதையும் பழையவற்றை நீக்குவதையும் ஒரே ஆல்டர் டிஸ்க்குரூப் கட்டளையில் கொடுங்கள். தனித்தனியாகக் கொடுத்தால் டேட்டா இரண்டு முறை ரீபேலன்ஸ் ஆகும், அதாவது டிஸ்க்குகளில் மறுபடி பரவும். வேகம் பவர் எண்ணால் கட்டுப்படும். முன்பு உச்சம் 11, டிஸ்க்குரூப்பின் ஏஎஸ்எம் கம்பாட்டிபிலிட்டி 11.2.0.2 ஆகவோ அதற்கு மேலாகவோ இருந்தால் 1024 வரை. பகலில் சின்ன எண்ணில் ஓடவிட்டு இரவில் ஏற்றலாம்.

டிராப் கட்டளை உடனே திரும்பி வந்து 'முடிந்தது' என்று சொல்லிவிடும். உண்மையில் ரீபேலன்ஸ் அப்போதுதான் தொடங்கியிருக்கும். வி டாலர் ஏஎஸ்எம் ஆபரேஷன் வியூவில் வரி எதுவும் இல்லை, பழைய டிஸ்க்கின் ஹெடர் ஸ்டேட்டஸ் ஃபார்மர் என்று மாறிவிட்டது, இரண்டும் உறுதியான பிறகே லன்னைத் தொட வேண்டும். புதிய டிஸ்க்குகளுக்கான யூடெவ் (லினக்ஸில் டிவைஸ் பெயரையும் உரிமையையும் வைக்கும் சேவை) விதியில் உரிமையாளரும் குரூப்பும் எல்லா ஆர்ஏசி (ஆரக்கிள் கிளஸ்டர்) நோடுகளிலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதைச் சேர்க்கும் முன்பே பாருங்கள். செக்டர் அளவு பற்றி மேலே சொன்னது இங்கேயும் அப்படியே பொருந்தும்.